உயர்தர மாணவரின் உள்ளத்தைப் பேணுபவர் யார்?

(வன்னியில், காலபோக அறுவடை முடிந்த கையோடு கமநல சேவை நிலைய மண்டபத்தில் கூடிய பெற்றோர் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



கூட்டம் தொடங்குமுன் வாசலில் நின்றிருந்தபோது பெரியவர் ஒருவர் என்னை மறித்து, "மாஸ்டர், இன்றைக்கு என்ன பேச்சு? பசளை மானியமோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் மனத்தைப் பற்றியது" என்றேன். அவர் சற்று யோசித்தார். "அதற்கும் ஒரு கூட்டமோ?" என்றார். என்றாலும் திரும்பிப் போகவில்லை. இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லவே நான் இங்கு நிற்கிறேன்.

விதைத்த நாளிலிருந்து பயிரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பவர்கள் நீங்கள். முளை சீராக வந்ததா, களை மிஞ்சியதா என்று முதல் மாதம் முழுவதும் வரம்பிலேயே நிற்கிறீர்கள். ஆனால் பயிர் இடுப்பளவு உயர்ந்துவிட்டது, இனி அது தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி வீட்டில் போய்ப் படுத்துவிடும் கமக்காரன் எவனாவது உண்டோ? குடலைப் பருவத்திலேதான் தண்ணீர் குறையக் கூடாது. கதிர் பால்பிடிக்கும் வேளையிலேதான் பூச்சிக்குப் பயந்து நாம் நித்திரை கொள்ளாமல் இருக்கிறோம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதன்று. ஆனால் பிள்ளை விடயத்தில் நாம் எல்லோரும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளையைத் தாயும் தந்தையும் இருபுறமும் கைபிடித்துக் கூட்டிச் செல்கிறார்கள். வாசலிலே காத்திருந்து, வெளியே வந்தவுடன் இளநீர் கொடுக்கிறார்கள். அதே பிள்ளை பதினேழு வயதில் நள்ளிரவுக்கு மேல் விளக்கைக் கொளுத்திக்கொண்டு தனியே இருக்கும்போது, "அவன் வளர்ந்துவிட்டான், அவன் பாட்டைப் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. 1997இல் பதினான்கு வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வி, 2016இல் பதினாறு வயது வரை நீட்டப்பட்டது. நல்ல காரியந்தான். ஆயின் பதினாறுக்குப் பிறகு ஒரு பிள்ளை பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்கும் கடமை எவருக்கும் இல்லை.

நான் கேளாத கேள்வி

பிறரைக் குறை சொல்லுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் இரசாயனம் படிப்பித்தவன். பல ஆண்டுகளுக்கு முன் என் உயர்தர வகுப்பிலே முப்பத்தெட்டு மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவன், மூன்றாவது வாங்கிலிலே சுவரோரமாக இருப்பவன், நல்ல கையெழுத்து, கணக்கிலே பிழை விடமாட்டான். இரண்டாந் தவணையிலே அவன் வரவு குறையத் தொடங்கிற்று. கிழமைக்கு இரண்டு நாள், சில கிழமைகளில் மூன்று நாள் வரவில்லை. வகுப்பாசிரியனாகிய நான் என் கடமையைத் தவறாமற் செய்தேன். வரவுப் பதிவேட்டிலே அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையினாற் கோடு போட்டேன். தவணை முடிவிலே நூற்றுக்கு அறுபத்தொன்று என்று கணக்குப் பார்த்து, "வரவு போதாது. கவனம் தேவை" என்று அறிக்கையில் எழுதிக் கையொப்பமும் இட்டேன். மூன்றாந் தவணைக்கு அவன் வரவேயில்லை. அவன் இடத்தை வேறொருவன் எடுத்துக்கொண்டான். நான் பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தேன். அந்த ஆண்டு எங்கள் பெறுபேறு நன்றாக இருந்தது.

ஆறு ஆண்டுகளின் பின் ஓர் அரிசி ஆலையில் அவனைக் கண்டேன். மூட்டைகளை நிறுத்துக் கொப்பியிலே பதிந்துகொண்டிருந்தான். அதே கையெழுத்து. என்னைக் கண்டவுடன் எழுந்து நின்று, "சேர்" என்றான். தேநீர் வாங்கித் தந்தான். அப்போதுதான் கேட்டேன், என்ன நடந்தது என்று. அவன் தகப்பனாருக்குச் சிறுநீரக நோய். நம் பகுதிக் கமக்காரரிடையே காரணம் இன்னதென்று தெளிவாகாமற் பரவிய அந்த நோயை நீங்கள் அறிவீர்கள். கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்கு நகர வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வேண்டும். தாய்க்குத் தனியே பஸ்ஸேறிப் பழக்கமில்லை. தங்கை சிறு பிள்ளை. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டுப் பின்னேரம் திரும்புவான். "ஏனடா எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்கள் ஒருநாள் கேட்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் சேர். பிறகு விட்டுவிட்டேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மூட்டையின் நிறையைச் சொல்லுவது போலச் சொன்னான்.

அன்பர்களே, அந்தப் பிள்ளைக்கு உளவியல் அறிஞர் தேவைப்படவில்லை. பெரிய கட்டடமோ வெளிநாட்டு உதவியோ தேவைப்படவில்லை. மூன்றாவது நாள் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, வீட்டில் என்ன?" என்று கேட்கும் ஒரு மனிதன் தேவைப்பட்டான். அந்த மனிதனுக்குச் சம்பளமும் கொடுத்து, வகுப்பிலே நிறுத்தியும் வைத்திருந்தது அரசாங்கம். கேட்பது அவன் வேலையென்று மட்டும் எவரும் சொல்லியிருக்கவில்லை. அதை அவன் தானாகவும் உணரவில்லை.

பழைய விடுதிகள்

மேலைநாட்டுப் பாடசாலைகளிலே இந்தப் பொறுப்புக்கு இடையனுடைய பெயரால் அமைந்த ஒரு சொல்லை வழங்குகிறார்கள். மந்தையைப் பேணுவதுபோல மாணவரைப் பேணுதல் என்பது கருத்து. நமக்கு அந்தச் சொல் புதிதே தவிர, அந்தக் காரியம் புதிதன்று. 1823இல் வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனரிமார் உயர்கல்லூரியைத் தொடங்கியபோது அதை விடுதியோடுதான் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை எழுந்தது. பின்னாளிலே கன்னங்கரா அவர்கள் 1945இல் இலவசக் கல்வியை நாட்டியபோது, மத்திய மகா வித்தியாலயங்களையும் அவற்றோடு விடுதிகளையும் எழுப்பினார்கள். கிராமத்து ஏழைப் பிள்ளை படிக்கவேண்டுமானால் அவன் எங்கே உறங்குகிறான், என்ன உண்கிறான் என்பதும் கல்வியின் பகுதியே என்று அவர்கள் கண்டார்கள்.

பழைமையைப் போற்றிக் கண்ணீர் விட நான் வரவில்லை. அந்தப் பழைய விடுதிகளின் பந்தியிலே எல்லோருக்கும் இடமிருந்ததில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு சமமாக வாங்கிலிலே அமர வேண்டும் என்று விதி வந்தபோது, நம் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சிலர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது வரலாற்றிலே இருக்கிறது. பிரம்படிக்கும் குறைவில்லை. பேணுதல் என்ற பெயரிலே மதம் மாற்றும் நோக்கமும் உடன் இருந்தது. அவ்வளவும் உண்மை. என்றாலும், இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கும்போது கட்டிலிலே ஆளில்லையென்றால் தேடுவதற்கு ஒருவர் இருந்தார். இன்று நம் பிள்ளை இரவு ஒன்பது மணிக்கு எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பிரத்தியேக வகுப்பிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறது.

அந்த வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் சிலருக்குக் கசக்கும். பரீட்சைக்குத் தோற்றும் பாடசாலை மாணவருக்கு 80 சதவீத வரவு வேண்டும் என்பது விதி. ஆனால் உயர்தர இரண்டாம் ஆண்டிலே எத்தனை பாடசாலைகளில் வாங்கில்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன என்பதை இங்கிருக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள். இருநூறு பேரை ஓலைக் கொட்டகையிலே இருத்தி ஒலிபெருக்கியிலே படிப்பிக்கும் ஆசிரியர் நன்றாகப் படிப்பிக்கலாம். நான் அதை மறுக்கவில்லை. நானும் சில காலம் அவ்வாறு படிப்பித்து வீடு கட்டியவன்தான். ஆனால் இருநூறு பேரில் ஒருவன் வராவிட்டால் அவருக்குத் தெரியாது. அவர் பொறுப்பும் அது அன்று. பாடசாலையிலே அவனை அறிந்தவர் இல்லை. கொட்டகையிலும் அறிந்தவர் இல்லை. வீட்டிலே அவனைக் காணக் கிடைப்பது நித்திரையிலே மட்டுந்தான். அந்த நித்திரையும் போதாது. பதினான்கு முதல் பதினேழு வயதுவரை எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் வேண்டும் என்று மருத்துவர் கூறுகின்றனர். அந்த வயதிலே உடலின் கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடும். இரவிலே உறக்கம் வரச் சுணங்கும், காலையிலே எழும்ப முடியாது. அதைச் சோம்பல் என்று நாம் ஏசுகிறோம். ஐந்து மணி வகுப்புக்குத் தட்டி எழுப்புகிறோம். பிறகு கைத்தொலைபேசிதான் பிள்ளையைக் கெடுத்தது என்கிறோம். கைத்தொலைபேசியும் கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றிவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் விடுதலையாகிவிடலாம் என்று நினைப்பது நீதியன்று.

ஓர் இனத்தின் சுமை

இனி அரசியல். இதைப் பேசாமல் இந்த விடயத்தைப் பேச முடியாது.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிலே மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி வேண்டும் என்று வரையறுத்தார்கள். அந்த அநீதியை நம் மக்கள் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டியதில்லை. பின்னர் மாவட்ட அடிப்படை வந்தது. 2001 முதல் இசட் புள்ளி வந்தது. நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலே 40 வீதமும், மாவட்டங்களுக்கு 55 வீதமும், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமும் என்ற பங்கீடும் ஏற்பட்டது. நம் வன்னி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலிலே உள்ளவை. இந்த முறையின் நீதி அநீதிகளை நாம் வேறொரு மேடையில் வாதிடலாம். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. ஓர் இனத்துக்குச் செய்யப்பட்ட அநீதியை வென்று காட்டும் பொறுப்பை, ஐம்பது ஆண்டுகளாக, பதினெட்டு வயதுப் பிள்ளையின் தோளிலே நாம் ஏற்றிவருகிறோம். காணி பறிபோயிற்று, கல்வி ஒன்றுதான் நமக்கு எஞ்சியது என்று வீட்டிலும் கோயில் வீதியிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தான் மூன்று பாடங்களிலே தேர்வெழுதுவதாக எண்ணவில்லை. தன் குடும்பத்தின் கடனையும், இறந்தவர்களின் பெயரையும், இனத்தின் மானத்தையும் சேர்த்துத் தேர்வெழுதுவதாக எண்ணுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆண்டொன்றுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். அரச பல்கலைக்கழகங்களிலே இடம் பெறுவோர் நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியவரே. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போவோர் அதிலும் ஒரு சிறு பகுதி. எனவே இந்த மண்டபத்திலுள்ள பெற்றோரிற் பெரும்பாலோரின் பிள்ளைகள், எவ்வளவு நன்றாகப் படித்தாலும், அந்த வாசலுக்குள் போகப்போவதில்லை. இதைப் பிள்ளையின் தோல்வி என்று சொல்வது எண்கணிதம் அறியாதவர் பேச்சு. மூன்று தரம் எழுதலாம் என்று விதி இருப்பதால், பதினெட்டிலே தொடங்கி இருபத்தொன்று வரையில் ஒரே அறையிலே ஒரே கொப்பியோடு இருக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களோடு கூடப் படித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். திருமண வீட்டிலே "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்பார்கள் என்பதற்காகவே திருமண வீட்டுக்குப் போகாமல் இருப்பார்கள். 2013இல் தொழினுட்பப் பிரிவு தொடங்கிற்று; அதிலே நம் கமத்தொழிலோடு நேரே தொடர்புடைய உயிர்முறைமைத் தொழினுட்பமும் உண்டு. 2017இல் பதின்மூன்று ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தின்கீழ் தொழிற்கல்வியும் பாடசாலைக்குள் வந்தது. இவற்றைப் பற்றிப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்? எடுத்துச் சொன்னாலும், "என் பிள்ளை கீழ்ப் பிரிவிலோ?" என்று முகம் சுளிக்காத தந்தையர் எத்தனை பேர்?

இன்று உயர்தர வகுப்பிலே இருப்போர் பலர் 2009ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களுக்குப் போர் நினைவில்லை. ஆனால் போரை நினைவில் வைத்திருக்கும் வீட்டிலே வளர்ந்தவர்கள். சுவரிலே மாலை போடவும் முடியாமல், கழற்றவும் முடியாமல் தொங்கும் தந்தையின் படத்தின் கீழிருந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் கூட்டாகத் தாக்கும் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதன் மேல் 2020 முதல் நோய்த் தொற்றினாற் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியிலே, மின்வெட்டுக் காலத்திலே நடந்தது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் இறுதியிலே தொடங்கி, இரண்டாம் நாளுக்குப் பின் வெள்ளத்தால் ஒரு கிழமை நின்றது. நனைந்த கொப்பிகளை அடுப்படியிலே உலர்த்திய பிள்ளைகளை நீங்களே கண்டீர்கள். மலையகத்திலே நிலைமை இன்னும் இறுக்கம். லயன் அறையிலே ஆறு பேர் உறங்கும் வீட்டிலே படிப்பதற்கு மேசை போட இடம் ஏது?

என்ன செய்யலாம்?

ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவரை நியமித்திருக்கிறோம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். பல பாடசாலைகளிலே அவர் இருக்கிறார். ஆனால் அவருக்குப் பாட நேரமும் உண்டு; வராத ஆசிரியரின் வகுப்பும் அவர் தலையிலே; விளையாட்டுப் போட்டிக் கணக்கும் அவரிடமே. அவருடைய அறை அலுவலகத்துக்கு எதிரே இருக்கும். அதற்குள் ஒரு பிள்ளை நுழைந்தால் இடைவேளைக்கு முன் பாடசாலை முழுவதும் அறியும். "அவளுக்கு என்னவாம்?" என்று கேட்பார்கள். எந்தப் பிள்ளை போகும்?

எனவே என் யோசனை இது. உயர்தர வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் குறித்த ஓர் ஆசிரியர் வேண்டும். ஓர் ஆசிரியருக்குப் பன்னிரண்டு அல்லது பதினைந்து பிள்ளைகளுக்கு மேற் கூடாது. அவர் அந்தப் பிள்ளைக்குப் படிப்பிப்பவராக இருக்கவேண்டும் என்பதில்லை. புள்ளி போடாதவராக இருந்தால் இன்னும் நல்லது. கிழமைக்கு ஒருதரம், நேரசூசியிலேயே குறித்த பதினைந்து நிமிடம், அந்தப் பிள்ளைகளை அவர் காண வேண்டும். எல்லோரையுங் காண்பதனால் எவருக்கும் வெட்கமில்லை. பெண்பிள்ளைகளுக்கு விரும்பினால் ஆசிரியையை மாற்றிக் கேட்கும் உரிமை வேண்டும். பிள்ளை எங்கே தங்கியிருக்கிறது, யாரோடு தங்கியிருக்கிறது, காலையிலே உண்டதா, எத்தனை மணிக்கு உறங்கியது, மூன்று நாள் வராவிட்டால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பவற்றை அவர் அறிந்திருந்தால் போதும். பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அவர் கற்றிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார்கள். "தலையிடிக்கிறது சேர்", "வயிற்றுக்குள் எரிகிறது ரீச்சர்", "நெஞ்சு பாரமாக இருக்கிறது" என்பார்கள். முன்பு வலைப்பந்து விளையாடியவள் விளையாட்டை விட்டுவிடுவாள். நன்றாக எழுதியவன் வெற்றுத்தாளைக் கொடுப்பான். தன் பொருள்களை நண்பருக்குக் கொடுத்துவிடுவான். அந்த வேளையிலே புத்தி சொல்லக் கூடாது. "உன்னிலும் கஷ்டப்பட்டவர்கள் படித்தார்கள்" என்று நாம் சொல்லுவோமே, அதை அறவே சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகவே கேட்கலாம்; அப்படிக் கேட்பதனால் இல்லாத எண்ணம் உண்டாகாது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. பிள்ளை சொன்ன இரகசியத்தைக் காக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இரகசியத்தைக் காக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதன்பின் தாமதியாமல் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு வகுப்பிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதிலே மொழி என்ற கேள்வியும் உண்டு. மனத்தின் நோவைப் பிறமொழியிலே சொல்ல முடியாது. தமிழிலே கேட்கவும் தமிழிலே குறிப்பெழுதவும் வல்ல மருத்துவரும் தாதியரும் ஆலோசகரும் நம் மாவட்டங்களிலும் மலையகத்திலும் போதிய அளவு இருக்க வேண்டும் என்று கோருவது சலுகை கேட்பதன்று, உரிமை கேட்பதாகும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி கல்வியிற் பெரும்பகுதி மாகாணத்துக்குரியது. 2013இல் நாம் தேர்ந்தெடுத்த வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. நம் பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றிக் கேள்வி கேட்க, நாம் தெரிவுசெய்த ஒரு சபை இல்லாத காலம் அது. அரசியலை வெறும் பதவிச் சண்டை என்று நினைக்கும் நண்பர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

கமக்கார நண்பர்களுக்கு

கடைசியாக ஒரு கடினமான காரியம். இதைப் பேசாமல் போனால் நான் வந்ததிற் பயனில்லை.

1995ஆம் ஆண்டளவிலே இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் ஆண்டுதோறும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அது ஒன்று. அவர்களிற் பலர் இளையவர்கள். பலர் நம்மைப் போன்ற கமக்காரக் குடும்பத்தவர்கள். நாம் பயிருக்கு அடிக்கும் மருந்தே வீட்டிலே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1984 தொடங்கி, சிறப்பாக 1995இலும் 1998இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும், அதிநச்சு வகைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. விளைவு என்ன தெரியுமா? இருபது ஆண்டுகளிலே அந்த மரணங்கள் ஏறக்குறைய 70 வீதம் குறைந்தன. விளைச்சல் குறையவில்லை. மனிதரின் துயரம் அந்த ஆண்டுகளிற் குறைந்ததா? போரும் கடலலையும் வந்த ஆண்டுகள் அவை. துயரம் குறையவில்லை. அந்தக் கொடிய வேளையிலே கைக்கு எட்டுவது மாறிற்று. அவ்வளவே. அந்த வேளை பெரும்பாலும் மிகக் குறுகியது. அதைக் கடந்துவிட்டவர்களிற் பெரும்பாலோர் பிறகு வாழவே விரும்புகிறார்கள்.

எனவே உங்கள் மருந்துப் போத்தல்களைக் கட்டிலின் கீழும் குசினிக் கூரையிலும் வைக்காதீர்கள். வீட்டை விட்டு விலகிய இடத்திலே ஒரு பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, திறப்பு ஒருவரிடம். தேவைக்கு மேல் வாங்கிச் சேமிக்காதீர்கள். கமக்காரர் அமைப்பு ஒன்று முன்வந்தால், பல குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு களஞ்சியமே அமைக்கலாம். பரீட்சைப் பெறுபேறு வரும் கிழமையிலே இதை இருமடங்கு கவனியுங்கள். அந்த நாளிலே வீட்டுக்கு விருந்தாளிகளைச் சேர்க்காதீர்கள். பெறுபேற்றைப் பிள்ளை பார்க்குமுன் நீங்கள் பார்த்து ஊருக்குச் சொல்லாதீர்கள். என்ன வந்தாலும் அன்றிரவு அவனை, அவளை, உங்களோடு இருந்து சோறுண்ண வையுங்கள். பேச வேண்டியதில்லை. அடுத்தது என்ன என்ற பேச்சை ஒரு கிழமை தள்ளிப் போடலாம். வயல் ஓடிப்போகாது.

முன்வரிசைப் பெரியவர் கைகாட்டுகிறார். கேள்விகளுக்குப் பின்னர் வருகிறேன் ஐயா, இன்னும் இரண்டே நிமிடம்.

இந்தப் பாடசாலையின் அதிபரும் ஆசிரியர்களும் வரும் தவணையில் இம்முறையைத் தொடங்கிப் பார்க்க இணங்கியிருக்கிறார்கள். ஆசிரியர் தொகை போதாதபடியால் ஓய்வுபெற்றவர்களான எங்களில் நால்வரையும் கேட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு பெயர்கள் தந்திருக்கிறார்கள். பட்டியல் நேற்றுத்தான் கிடைத்தது. அந்தப் பிள்ளைகளிலே மூவரின் பெற்றோர் இங்கு வந்திருக்கிறார்கள் என்று அதிபர் சொன்னார். கூட்டம் முடிந்தவுடன் அவர்கள் போய்விடாமல் அந்த வேப்பமரத்தடியிலே சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை காலையிலே எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறது, சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்படுகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கொப்பி கொண்டுவந்திருக்கிறேன்.